பார்ப்பதா? படிப்பதா? – அனிமேயும் மங்காவும்



"அனிமே பார்க்கப் பிடிக்குமா, மங்கா படிக்கப் பிடிக்குமா?" என்று எங்கள் வகுப்பில் கேட்டால் அனிமே பக்கம்தான் நிறைய கை எழும்பும். "படமாவே ஓடும்போது புத்தகத்தை எதுக்குப் புரட்டணும்?" என்பார்கள். சிலர், "ரெண்டும் ஒரே கதைதானே, எதுவா இருந்தா என்ன?" என்பார்கள். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால், "ரெண்டும் வேணாம், போய்ப் பாடத்தைப் படி" என்பார்கள். இந்த மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் ஒரு கணக்கும் கொஞ்சம் இலக்கணமும் வரும், பயப்பட வேண்டாம்.

1. பெயர் விளக்கம்

மங்கா என்பது ஜப்பான் நாட்டுப் படக்கதை. (மாங்காய் இல்லை! எங்கள் வகுப்பில் இந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.) மனம் போன போக்கில் வரைந்த படங்கள் என்பது அச்சொல்லின் பொருள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இருக்கும். முதலில் வாரப் பத்திரிகையிலோ மாதப் பத்திரிகையிலோ தொடராக வரும். பிறகு பல அத்தியாயங்களைச் சேர்த்துத் தனித் தொகுதியாகப் போடுவார்கள்.

அனிமே என்பது அனிமேஷன் என்ற சொல்லின் சுருக்கம். ஜப்பானில் எந்த நாட்டுக் கார்ட்டூனையும் அனிமே என்றுதான் சொல்வார்கள். மற்ற நாடுகளில் ஜப்பான் கார்ட்டூனை மட்டும் அப்படிச் சொல்கிறோம். நம் வீட்டு டிவியில் தமிழ் பேசிய டோரேமானும் அனிமேதான். அது 1969ஆம் ஆண்டு டிசம்பரில் மங்காவாகத் தொடங்கியது. ஆக, நாம் பார்க்கும் நீலப் பூனைக்கு முன்பே கறுப்பு வெள்ளைப் பூனை ஒன்று இருந்திருக்கிறது!

2. சிறு வரலாறு

பெரிய அலை ஓவியத்தால் உலகப் புகழ் பெற்ற ஹொகுசாய் என்ற ஓவியர், 1814ஆம் ஆண்டு 'ஹொகுசாய் மங்கா' என்ற புத்தகத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதில் தொடர்கதை கிடையாது. மனிதர்கள், மிருகங்கள், செடிகொடிகள் என்று பலவகைப் படங்கள் இருந்தன. ஜப்பானியர் செய்த அனிமேஷன் படங்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று 1917ஆம் ஆண்டு வெளியான 'நமாகுரா கதானா'. மழுங்கிய வாள் ஒன்றை வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய சில நிமிடச் சிரிப்புப் படம் அது.

இரண்டு துறையிலும் மறக்க முடியாதவர் ஒசாமு தெசுகா (1928–1989). இவர் மருத்துவம் படித்தவர். ஆனால் ஊசி பிடிக்க வேண்டிய கையில் பேனா பிடித்தார். இவர் 1952இல் தொடங்கிய மங்காதான் 'ஆஸ்ட்ரோ பாய்'. அதையே அனிமேயாக மாற்றி 1963 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சியில் வெளியிட்டார். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வந்த முதல் ஜப்பானிய அனிமே தொடர் அதுவே.

பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. மச்சிகோ ஹசெகாவா என்ற பெண்மணி 1946இல் 'சசாஎ சான்' என்ற நான்கு கட்டப் படக்கதையைத் தொடங்கி 1974 வரை வரைந்தார். ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைதான் கதை. அதன் அனிமே 1969 அக்டோபரில் ஆரம்பித்தது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஞாயிறு மாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகிலேயே நீண்ட காலம் ஓடும் தொலைக்காட்சி அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது.

3. மங்காவைப் படிப்பது எப்படி?

நம் புத்தகத்தின் கடைசி அட்டை எதுவோ, அதுதான் மங்காவின் முதல் அட்டை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கட்டங்களின் வரிசை இப்படி இருக்கும்:

[ 2 ] [ 1 ]
[ 4 ] [ 3 ]

ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேர் பேசினாலும் வலப்பக்கம் இருப்பவர் பேச்சைத்தான் முதலில் படிக்க வேண்டும். மாற்றிப் படித்தால் பதில் முதலிலும் கேள்வி பின்னாடியும் வரும். இரண்டு பக்கம் படித்தால் கண் தானாகப் பழகிவிடும்.

கட்டத்தின் அளவுக்கும் அர்த்தம் உண்டு. சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்தால் காரியம் வேகமாக நடக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் முழுவதும் ஒரே கட்டமாக இருந்தால் "இங்கே நில், பார்" என்று வரைந்தவர் சொல்கிறார்.

4. சத்தம் இல்லாத தாளில் சத்தம்

தாள் பேசாது. அதனால் மங்காவில் சத்தத்தையும் எழுதிவிடுவார்கள். இங்கேதான் நம் இலக்கணப் பாடம் வருகிறது. சலசல, படபட, மடமட என்று இரட்டைக்கிளவி படித்தோம் அல்லவா? ஜப்பானிய மொழியிலும் அதுபோலவே இரட்டித்து வரும் சொற்கள் ஏராளம்.

டோகி டோகி – நெஞ்சு படபடவென்று அடிப்பது
கிரா கிரா – பளபளவென்று மின்னுவது
கோரோ கோரோ – இடி கடகடவென்று உருளுவது
நிக்கோ நிக்கோ – முகம் மலரச் சிரிப்பது

சிரிப்புக்கும் மின்னலுக்கும்கூட ஓசைச் சொல் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம்விட எனக்கு ஆச்சரியம் தந்தது 'ஷீன்' என்ற சொல். சத்தமே இல்லாத அமைதியைக் காட்ட மங்காவில் இதை எழுதுவார்கள். அமைதிக்கும் ஒரு சத்தச் சொல்! அனிமேயில் இதற்கு வேலை இல்லை. இசையை நிறுத்தினாலே போதும்.

5. அனிமேயின் கணக்கு

திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப் படம் வரைந்தால் எத்தனை படம் தேவை?

ஒரு நிமிடத்துக்கு 24 × 60 = 1,440 படங்கள்.
20 நிமிடத்துக்கு 1,440 × 20 = 28,800 படங்கள்.

வாரா வாரம் இதை யாரால் வரைய முடியும்? அதனால் ஒரே படத்தை மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தி வைக்கும் முறையைப் பின்பற்றினார்கள். அப்போது விநாடிக்கு 8 படம் போதும்.

8 × 60 × 20 = 9,600 படங்கள்.

மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! இதிலும் மிச்சம் பிடித்தார்கள். பேசும்போது வாய் மட்டும் அசையும், முகம் அப்படியே இருக்கும். ஒருமுறை வரைந்த படத்தைப் பத்திரமாக வைத்திருந்து வேறு கதையிலும் பயன்படுத்துவார்கள். தெசுகாவின் குழு இப்படித்தான் வாரம் ஒரு அத்தியாயம் முடித்தது. அடுத்த முறை அனிமே பார்க்கும்போது கவனியுங்கள், அசையாமல் நிற்பவை எத்தனை என்று தெரியும்.

மங்காவை ஒருவர், உதவியாளர்கள் சிலரோடு சேர்ந்து வரைந்துவிடலாம். அனிமேக்கு வரைபவர்கள், வண்ணம் தீட்டுபவர்கள், பின்னணி வரைபவர்கள், குரல் கொடுப்பவர்கள், இசை அமைப்பவர் என்று ஒரு ஊரே வேண்டும்.

6. ஒரே கதை, இரண்டு வடிவம்

"ரெண்டும் ஒரே கதைதானே?" என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பெரியம்மா மகள் அக்கா, முழுப்பரீட்சை விடுமுறைக்கு வந்தபோது 7 தொகுதி மங்கா கொண்டு வந்தார். ஜப்பானியப் பெயர் 'கோஎ நோ கதாச்சி'. குரலின் வடிவம் என்று பொருள். ஆங்கிலத்தில் 'எ சைலன்ட் வாய்ஸ்'. வரைந்தவர் யோஷிடோக்கி ஓய்மா என்ற பெண் ஓவியர். இவருடைய அம்மா சைகை மொழிபெயர்ப்பாளர். இந்த மங்கா 2013, 2014ஆம் ஆண்டுகளில் வாரத் தொடராக வந்தது. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் இதை 2016இல் திரைப்படமாக எடுத்தது. இயக்கியவர் நவோகோ யமதா, அவரும் பெண்தான்.

கதை இதுதான். ஷோகோ என்ற சிறுமிக்குக் காது கேட்காது. ஆறாம் வகுப்பில் புதுப் பள்ளிக்கு வருகிறாள். ஒரு நோட்டை நீட்டி "இதில் எழுதி என்னோடு பேசுங்கள்" என்கிறாள். ஷோயா என்ற பையன் அவளைக் கேலி செய்கிறான். அவளுடைய காது மெஷினைப் பிடுங்கி வீசுகிறான். மற்றவர்களும் சிரிக்கிறார்கள். ஆனால் விசாரணை வந்ததும் எல்லோரும் பழியை அவன் ஒருவன் தலையில் போட்டு அவனை ஒதுக்கி வைக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அவன் சைகை மொழி கற்றுக்கொண்டு ஷோகோவைத் தேடிப் போகிறான். மீதியைச் சொல்ல மாட்டேன்.

காது கேட்காத ஒருத்தியின் கதையைச் சத்தம் உள்ள திரையிலும் சத்தம் இல்லாத தாளிலும் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

(அ) ஷோகோவுக்குக் கேட்பது: மங்காவின் 6ஆம் தொகுதியில் ஒரு அத்தியாயம் ஷோகோவின் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மற்றவர்கள் பேசும் பலூன்களில் எழுத்துகள் முழுதாக இருக்காது. பாதி அழிந்து, சிதைந்து இருக்கும். நாம் எவ்வளவு முயன்றாலும் வாக்கியம் பிடிபடாது. தினமும் அவளுக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று அப்போது புரிகிறது. நம் காதை மூடாமலேயே, கண்ணை வைத்துக் காது கேட்காமையைக் காட்டிவிட்டார்கள். இது தாளால் முடிந்தது.

(ஆ) சைகை மொழி: 'நண்பர்' என்பதற்கான சைகை இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோர்த்துப் பிடிப்பது. மங்காவில் கை அசையாது. ஒரு நிலையை மட்டும் காட்ட முடியும். திரைப்படத்தில் விரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தயங்குகிறதா, வேகமாகப் போகிறதா என்று எல்லாம் தெரிகிறது. அவள் கை பேசும்போது அது உண்மையிலேயே பேச்சாக இருக்கிறது. இது திரையால் முடிந்தது.

(இ) நிலாவா, விருப்பமா: ஜப்பானிய மொழியில் 'சுகி' என்றால் பிடிக்கும், 'ட்சுகி' என்றால் நிலா. ஷோகோ ஒருநாள் சைகையை விட்டுவிட்டுத் தன் குரலால் "சுகி" என்கிறாள். ஷோயா காதில் அது "ட்சுகி" என்று விழுகிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கிறான்! திரைப்படத்தில் அந்தக் குரலை நாமும் கேட்கிறோம். அவன் ஏன் குழம்பினான் என்று உடனே விளங்குகிறது.

(ஈ) முகத்தில் பெருக்கல் குறி: யாரையும் நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காத ஷோயாவுக்கு மற்றவர்கள் முகத்தில் எல்லாம் பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். இது இரண்டு வடிவத்திலும் உண்டு. மங்காவில் அந்தப் பக்கத்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு இருக்கலாம். திரைப்படத்தில் அந்தக் குறிகள் உதிரும்போது சுற்றியிருப்பவர்களின் பேச்சும் சிரிப்பும் சேர்ந்து காதில் வந்து கொட்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

(உ) விட்டுப்போனவை: 7 தொகுதிக் கதையை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் படத்தில் அடக்க முடியுமா? மங்காவில் நண்பர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சினிமா எடுப்பார்கள். படத்தில் அந்தப் பகுதியே இல்லை. அதனால் மற்ற நண்பர்களைப் பற்றி மங்கா படித்தவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் படத்துக்கு இசை அமைத்த கென்சுகே உஷியோ, பியானோவின் உள்ளே மைக் வைத்துக் கட்டைகள் அசையும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார். அதை எந்தத் தாளிலும் அச்சடிக்க முடியாது.

ஒரு துயரச் செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடத்தில் ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்தனர். இந்தப் படத்தின் பாத்திரங்களுக்கு உருவம் அமைத்த ஃபுதோஷி நிஷியாவும் அவர்களில் ஒருவர். படம் முடிந்ததும் ஓடும் பெயர்களை நாம் பார்க்காமல் அணைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

7. சுருக்கமாக ஓர் ஒப்பீடு

நேரம்: மங்காவில் நேரம் படிப்பவர் கையில். அனிமேயில் எடுத்தவர் கையில்.
ஓசை: மங்காவில் நாமே கற்பனை செய்ய வேண்டும். அனிமேயில் காதுக்கே வரும்.
நிறம்: மங்காவில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அனிமேயில் எல்லா வண்ணமும் உண்டு.
நீளம்: மங்காவில் எல்லாப் பகுதியும் இருக்கும். அனிமேயில் சில வெட்டப்படும், சில புதிதாகச் சேர்க்கப்படும்.
துணை: மங்காவைத் தனியாகத்தான் படிக்க முடியும். அனிமேயைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

8. என் விருப்பம்

எனக்கு மங்காதான் பிடிக்கும். காரணம் சொல்கிறேன். நான் ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பேன். அக்காவின் கைப்பேசியில் படம் பார்த்தபோது கீழே ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்தைப் படித்தால் படம் போய்விட்டது. படத்தைப் பார்த்தால் எழுத்து போய்விட்டது. மங்கா அப்படி ஓடவில்லை. அகராதியைப் புரட்டி ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஷோகோ அதே கட்டத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமே?" என்று என் தம்பி கேட்டான். பார்க்கலாம்தான். ஆனால் நிறுத்தினால் இசை அறுந்துவிடும், பாதி மூடிய கண்ணும் பாதி திறந்த வாயுமாக ஒரு முகம் நிற்கும். அது ஓடுவதற்காக வரைந்த படம். மங்காவின் கட்டமோ நிற்பதற்காகவே வரைந்தது.

அதற்காக அனிமே மட்டம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போகாதவங்க. தம்பியோடு உட்கார்ந்து டோரேமான் பார்த்து அப்படிச் சிரிப்பாங்க. "அந்தப் பூனைகிட்ட ஒரு ரேஷன் கடையைக் கேளுடா"ன்னு சொல்லுவாங்க. மங்காவைக் கையில் கொடுத்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு என்று திருப்பித் தந்துவிடுவாங்க. எழுத்து தெரியாதவரையும் அனிமே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. காது கேட்காத ஒருவருக்கோ மங்காவில் ஒரு வரிகூடக் குறையாது. ஆகவே எது உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாருக்கு எது கதவைத் திறக்கிறதோ, அவருக்கு அதுவே உயர்ந்தது.

9. படக்கதை படிப்பது படிப்பா?

"போய்ப் பாடத்தைப் படி" என்ற பெரியவர்களுக்கு ஒரு தகவல். நமக்குத் தமிழில் 247 எழுத்துகள். ஜப்பான் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மட்டும் 1,026 காஞ்சி எழுத்துகளைக் கற்க வேண்டும். எல்லோரும் அறிய வேண்டியவை என்று அந்நாட்டு அரசு 2010இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. சிறுவர் மங்காவில் கடினமான எழுத்துக்குப் பக்கத்திலேயே அதன் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் அச்சிடுவார்கள். இதற்கு ஃபுரிகானா என்று பெயர். கதை தெரிய வேண்டும் என்ற ஆசையில் புரட்டும் பிள்ளை, தனக்குத் தெரியாத எழுத்தையும் அப்படியே பழகிக்கொள்கிறது.

நம்மிடம் என்ன நடக்கிறது? நூலகப் பாடவேளையில் யாராவது படக்கதைப் புத்தகம் எடுத்தால், "ஐயே, பொம்மை புக்கு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தடித்த புத்தகத்தை எடுத்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மெல்லிய படக்கதையை எடுத்தால் நாம் சிரிக்கிறோம். கடைசியில் எதையுமே எடுக்காமல் மணி அடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஷோகோ நீட்டிய நோட்டைப் பார்த்து அந்த வகுப்பு சிரித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு பணிவான வேண்டுகோள். நூலகப் பெட்டியில் படக்கதைகளுக்கு என்று ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் வெட்கப்படாமல் அதிலிருந்து எடுக்கலாம் என்று பிரேயரில் ஒருமுறை சொன்னால் போதும். தோழிகளே, தோழர்களே, நாம் சிரிக்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய உதவி.

10. பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஆஸ்ட்ரோ பாய் அனிமே முதலில் ஒளிபரப்பான ஆண்டு ______.
2. அமைதியைக் குறிக்கும் மங்காச் சொல் ______.
3. விநாடிக்கு 8 படம் வீதம் 5 நிமிடத்துக்குத் தேவையான படங்கள் ______.

ஆ. ஓரிரு வரிகளில் விடையளி.
1. ஃபுரிகானா என்றால் என்ன?
2. சைகை மொழியைக் காட்டத் திரை ஏன் வசதியானது?

இ. செய்து பார்.
உன் வீட்டில் காலையில் நடக்கும் ஒரு காரியத்தை நான்கு கட்டங்களில் வரைக. பேச்சு பலூன் கூடாது. ஓசைகளை மட்டும் இரட்டைக்கிளவியாக எழுதலாம். வரைந்ததைச் சுவரிதழின் கீழே தொங்கும் அட்டைப் பெட்டியில் போடவும். வந்த படங்களை எல்லாம் அடுத்த மாதம் இதே இடத்தில் ஒட்டுவோம். வலமிருந்து வரைவதா, இடமிருந்து வரைவதா என்பது உங்கள் விருப்பம். 1, 2, 3, 4 என்று எண் போட மறக்காதீர்கள்.



– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி